ஆறாயிரம் ஏக்கர் அன்பு

டென்மார்க் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சாவூர் நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டி, இருநூறு வருஷத்துக்கு மேல் கடை நடத்திவிட்டு, 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டு மூட்டை கட்டிய தேசம். அடுத்தது, பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். துணியே இல்லாமல் ஊர்வலம் போன ராஜா, ஊரே கேலி செய்த வாத்துக்குஞ்சு. அத்தோடு சரி.

இன்னொருத்தர் இருக்கிறார். காரென் பிளிக்ஸன். ஐசக் டினேசன் என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு எழுதிய அம்மணி. 1954-ல் நோபல் பரிசு வாங்கிய ஹெமிங்வே, 'இது அவருக்குப் போயிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்' என்கிற ரீதியில் வெளிப்படையாகச் சொன்னார். 1999-ல் டென்மார்க் வெளியிட்ட 50 குரோனர் நோட்டில் இந்த அம்மாளின் முகம். எழுத்தாளருக்குத் தபால்தலை போட்டாலே பெரிய விஷயம் என்று நினைக்கிற ஊர் நம்முடையது. அங்கே கரன்சியிலேயே போட்டுவிட்டார்கள்!

அவர் எழுதிய 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' 1937-ல் வெளிவந்தது. 1985-ல் மெரில் ஸ்ட்ரீப்பும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நடித்துப் படமாகி, 7 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. உலகமே உருகியது.

உருகாத ஒருத்தர் இருந்தார். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. 1980-ல் டென்மார்க் நூலகச் சங்கத்தின் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனவர், அந்த மண்ணிலேயே நின்றுகொண்டு, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதப்பட்டதிலேயே மிக ஆபத்தான புத்தகங்களில் இது ஒன்று என்று போட்டு உடைத்தார். ஏன் ஆபத்து? மோசமாக எழுதியிருந்தால் யாரும் சீந்தமாட்டார்கள். இந்த அம்மாளுக்கு எழுத்து கைவந்திருக்கிறது. இளக்காரத்தை அன்பு என்று நம்பவைத்துவிடுகிறார். அந்த அன்பும், ஒருத்தன் தன் குதிரை மேல் வைக்கிற அன்பு மாதிரிதான். இதுதான் கூகியின் வாதம்.

ஒரே புத்தகம். ஒருத்தருக்குத் தேன், இன்னொருத்தருக்கு விஷம். யார் சொல்வது சரி? கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு படித்தால் இந்தச் சண்டை கொஞ்சம் தெளிவாகப் புரிகிறது. ஏன் சேந்தமங்கலம் என்று கேட்கிறீர்களா? முதலில் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

1914 ஜனவரி. 28 வயதுக் காரென், மொம்பாசா துறைமுகத்தில் இறங்கினார். இறங்கிய கையோடு ஸ்வீடன் நாட்டுப் பிரபு ப்ரோர் பிளிக்ஸனோடு கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பட்டம் இருந்தது, பணம் இல்லை. பெண் வீட்டில் பணம் இருந்தது, பட்டம் இல்லை. வரவும் செலவும் கச்சிதமாகப் பொருந்தின! பெண் வீட்டார் போட்ட முதலில் நைரோபிக்குப் பக்கத்தில், நகோங் மலையடிவாரத்தில் 6,000 ஏக்கர். அதில் 600 ஏக்கரில் காப்பி. 'காரென் காப்பி கம்பெனி' என்று பெயர். சேர்மன், தாய்மாமன்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்தக் கதையில் முதலில் கண்ணில் படுவது காதல் இல்லை, கணக்குத்தான். தோட்டம் இருந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே. காப்பிக்கு அது அதிகப்படி உயரம். மழையும் காலை வாரியது. 1923-ல் காப்பி ஆலை தீப்பிடித்தது. 1925-ல் விவாகரத்து. பிறகு வாழ்க்கையில் நிலைத்த காதலர் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன், 1931 மே மாதம் தன் குட்டி விமானம் விழுந்து செத்துப்போனார். அதே வருஷம் தோட்டமும் கடனில் கைவிட்டுப் போனது. 17 வருஷ உழைப்பு, கையில் மிஞ்சியது பூஜ்யம். 46 வயதில் டென்மார்க் திரும்பி, அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தொழிலில் திவாலானவர் இலக்கியத்தில் கோடீஸ்வரர் ஆன கதை இது.

படித்துப் பாருங்கள், சுகமாக இருக்கும். மலைக்காற்று முகத்தில் அடிக்கும். தோட்டத்து ஆலையில் வேலை பார்த்த பூரன் சிங் என்கிற நம்மூர்க் கொல்லரின் உலைக்களத்தை அவர் எழுதியிருக்கிற அழகுக்காகவே ஒரு தடவை படிக்கலாம். காமான்டே என்று ஒரு கிக்குயூ பையன். காலெல்லாம் புண். அவனை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குணப்படுத்தி, தன் வீட்டிலேயே சமையல்காரன் ஆக்குகிறார். தினம் காலையில் வாசலில் நோயாளிகளை உட்காரவைத்து மருந்து போடுகிறார். பள்ளிக்கூடமும் நடத்துகிறார். அன்றைய வெள்ளைக்காரத் துரைமார்களோடு ஒப்பிட்டால் இவர் எவ்வளவோ தேவலை.

அப்புறம் எங்கே இடிக்கிறது?

அந்த 6,000 ஏக்கர் அதற்கு முன் யாருடையது? அங்கேதான்.

கென்யாவில் 1902-ல் ஒரு நிலச்சட்டம் போட்டார்கள். 1915-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். நிலமெல்லாம் மகாராஜாவுக்குச் சொந்தம். அவர் வெள்ளைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுவார். எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? முதலில் 99, பிறகு 999! நம்மூர் வக்கீல்கள்கூட இப்படி ஒரு குத்தகைப் பத்திரம் எழுதிப் பார்த்திருக்கமாட்டார்கள். அதற்கு முன் அந்த மலைச்சரிவுகளில் உழுது, ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த கிக்குயூ ஜனங்கள் ஒரே ராத்திரியில் குடியிருப்போர் ஆகிவிட்டார்கள். பிளிக்ஸன் தோட்டத்திலும் அதே ஏற்பாடுதான். கொஞ்சம் நிலத்தில் குடிசை போட்டுப் பயிர் வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு வருஷத்தில் 180 நாள் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். கூலி, 30 நாளைக்கு 12 ஷில்லிங். காப்பிச் செடிக்குக் களை எடுத்த அதே கைகள் சொந்தமாக ஒரு காப்பிச் செடி நட முடியாது. ஆப்பிரிக்கர்கள் காப்பி பயிரிட வெகுகாலம் தடை இருந்தது. 1954-க்குப் பிறகுதான் அந்தக் கதவு பெரிய அளவில் திறந்தது.

கூகிக்குக் கோபம் வரவழைத்த இடங்கள் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. காட்டு விலங்குகளிடம் கற்றுக்கொண்டது இங்குள்ள மனிதர்களோடு பழகவும் உதவியது என்கிற அர்த்தத்தில் ஓர் இடம். இன்னொன்று, கிட்டோஷ் என்கிற வேலைக்கார இளைஞனின் கதை. முதலாளியின் குதிரையை நடத்திக்கொண்டு வராமல் ஏறி உட்கார்ந்து வந்துவிட்டான். அதற்காக அவனைக் கசையால் அடித்து, கட்டிப்போட்டார்கள். ராத்திரியே செத்துப்போனான். 1923-ல் வழக்கு நடந்தது. 'பையன் சாக ஆசைப்பட்டான், அதனால்தான் செத்தான்' என்று கோர்ட்டில் வாதாடினார்கள். எடுபட்டது. துரைக்கு இரண்டே வருஷம் தண்டனை. பிளிக்ஸன் இந்த அநியாயத்தைப் பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் கடைசியில், சாவை விரும்பித் தப்பித்துப் போன காட்டு உயிரின் கம்பீரம் என்று அதில் ஒரு அழகைக் கண்டுபிடித்துவிடுகிறார். கூகி கேட்கிறார், கொலையில் என்னம்மா அழகு?

இப்போது சேந்தமங்கலத்துக்கு வருவோம்.

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பிடிப்பார்கள். மேலே மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காப்பி. மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களின் வழக்காறு சொல்கிறது.

காரென் மொம்பாசாவில் இறங்குவதற்குச் சில மாதம் முன்னால், 1913-ல், சேந்தமங்கலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட், பெண் ஈவ்லின். லண்டனிலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷன்காரர்கள். கல்யாணம் முடிந்த கையோடு மலையேறிவிட்டார்கள். அப்போது 70 வளைவும் கிடையாது, ஒரு வளைவும் கிடையாது. பாறையும் காடும் மலேரியாவும்தான். மேலே போய் மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார்கள். காலில் வந்த நரம்புச்சிலந்திப் புழுவைப் பக்குவமாகச் சுற்றி வெளியே எடுத்தார்கள். வியாதி திரும்ப வராமலிருக்கச் சுவர் கட்டிய கிணறு தோண்டினார்கள். ஜெஸ்ஸி 1929-ல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் 1974-ல், 95-வது வயதில் கண்மூடும்வரை மலைகளை விடவில்லை. 1914-ல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த மகன்தான், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

பாருங்கள், ஒரே காலம். ஒரே மாதிரி மலை. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசலில் உட்கார்ந்து மருந்து போட்டார், இங்கேயும் ஒருத்தர் போட்டார். ஒரு வித்தியாசம், அங்கே காப்பிக்காக வந்தார்கள், இங்கே கர்த்தருக்காக வந்தார்கள். கொல்லிமலையில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளின் சாம்ராஜ்யம் எழும்பவில்லை. இன்றைக்கும் அங்கே காப்பியும் மிளகும் பெரும்பாலும் மலையாளிகளின் சின்னச் சின்னத் தோட்டங்களில்தான். ஆனால் காடு? 1882-ல் வந்த சென்னை வனச்சட்டம் இங்கேயும் கோடு போட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சர்க்காருடையது. தேன் எடுத்தவனும் விறகு பொறுக்கினவனும் ஒரே நாளில் திருடன் ஆனான். அந்த அநியாயத்தைச் சரிசெய்ய இந்தியாவில் வன உரிமைச் சட்டம் வந்தது 2006-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 124 வருஷம்.

பிளிக்ஸன் புத்தகத்தைச் சேந்தமங்கலத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பித் தந்தார், முகம் மலர்ந்து.

"என்னா எழுத்துங்க! அம்பது வருஷமா பார்க்கிற நம்ம மலையே புதுசா தெரியுது. அந்தம்மாவைக் குத்தம் சொல்றது நியாயமில்லைங்க. மருந்து போட்டிருக்காங்க, பள்ளிக்கூடம் வச்சிருக்காங்க. அந்தக் காலத்துல எந்தத் துரைசானி இதைச் செஞ்சா?"

பக்கத்தில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலைக்காரப் பையன், கல்லூரியில் படிக்கிறார். கதையை நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாஞ் சரிங்க சார். அந்தச் சனங்க பேரெல்லாம் புத்தகத்துல வருது. பட்டாவுல வருதுங்களா?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. "டேய், இதையே நம்ம பிராண்ட் அய்யாவைப் பார்த்தும் கேப்பியா? உங்க கொள்ளுத்தாத்தன் காலத்துல காலைப் பிடிச்சுப் புழு எடுத்தவருடா!"

"அதை மறப்பமுங்களா சார்? அவங்க மலையிலயேதான் செத்தாங்க. ஆனா எங்களைப் பத்தி அவங்க ஊருக்கு எழுதின கடுதாசி எதையும் எங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டலையே."

வாத்தியார் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பையன் பேச்சில் கூகி தெரிந்தார். பையன் கூகியைப் படித்ததில்லை.

பட்டாவைப் பற்றிய கேள்விக்குக் கென்யாவிலேயே ஒருத்தர் சுடச்சுடப் பதில் எழுதியிருக்கிறார். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' வந்த அடுத்த வருஷம், 1938-ல், லண்டனில் இன்னொரு புத்தகம் வந்தது. 'ஃபேஸிங் மவுன்ட் கென்யா'. அதே கிக்குயூ ஜனங்களைப் பற்றித்தான். எழுதியவர் ஒரு கிக்குயூ, ஜோமோ கென்யாட்டா. பிற்காலத்தில் சுதந்திரக் கென்யாவின் முதல் ஜனாதிபதி ஆனவர். பிளிக்ஸன் மலையின் அழகை எழுதினார் என்றால், கென்யாட்டா அந்த மலையில் எந்தக் குடும்பத்துக்கு எந்த எல்லை, யார் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று எழுதினார். நடுவே ஒரு குட்டிக்கதையும் உண்டு. மழையில் நனைந்த யானை, 'தும்பிக்கையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறேன்' என்று மனிதனின் குடிசையில் இடம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் யானை உள்ளே, மனிதன் வெளியே. பஞ்சாயத்துக்குக் கமிஷன் போட்டால், கமிஷனில் அத்தனை பேரும் மிருகங்கள்! தீர்ப்பு யானைக்கு. மனிதன் கட்டுகிற ஒவ்வொரு குடிசைக்கும் இதே கதி. கடைசியில் பெரிய குடிசையாக ஒன்று கட்டுகிறான். எல்லா மிருகமும் உள்ளே நுழைந்து சண்டை போடும்போது நெருப்பு வைத்துவிடுகிறான். 1952-ல் கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சி வெடித்தபோது அந்தக் கதை வெறும் கதையாக இல்லை.

இத்தோடு முடித்தால் சினிமா மாதிரி இருக்கும். சரித்திரம் அப்படி விடாதே! 1963-ல் சுதந்திரம் வந்தது. பறிபோன நிலம் ஏழைக் குடியானவனுக்குத் திரும்பியதா? நல்ல பங்கு புதிய பெரிய மனிதர்களின் கைக்குப் போனது. அதைத் தன் தாய்மொழியான கிக்குயூவில் நாடகமாகப் போட்ட கூகியை 1977 டிசம்பரில் விசாரணையே இல்லாமல் ஜெயிலில் தள்ளினார்கள். தள்ளியது யாருடைய அரசாங்கம்? சாட்சாத் ஜோமோ கென்யாட்டாவுடையது! நிலம் பறிபோன கதையைப் புத்தகமாக எழுதியவரின் ஆட்சியில், அதே கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவருக்குச் சிறை. கூகி அங்கே டாய்லெட் பேப்பரில் ஒரு நாவல் எழுதினார். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. 2025 மே மாதம் 87 வயதில் மறைந்தார்.

அதனால்தான், எழுதியவர் வெள்ளையா கறுப்பா, நல்லவரா கெட்டவரா என்று மட்டும் பார்த்து ஒரு புத்தகத்தை எடை போட முடியாது என்கிறேன். அதில் எவருடைய பேச்சு பதிவாகவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பேச்சைத் தேடிப் போக வேண்டும். பிளிக்ஸனின் சமையல்காரர் காமான்டே இருக்கிறாரே, அவர் சொன்ன கதைகளே 1975-ல் தனிப் புத்தகமாக வந்தன. எஜமானி எழுதியதையும் சமையல்காரர் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் அந்த வீடு முழுசாகத் தெரியும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிளிக்ஸனுக்கு இதெல்லாம் சுத்தமாகத் தெரியாது என்று இல்லை. தோட்டத்து ஜனங்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள், அவர்களின் அப்பன்மாரும் அங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் கண்ணுக்கு நான்தான் அவர்கள் நிலத்தில் குடியேறிய கொஞ்சம் பெரிய குடியிருப்புக்காரி போலத் தெரிந்திருப்பேன் என்று அவரே குறும்பாக எழுதுகிறார். உண்மை அவர் பேனாவிலிருந்தே வழுக்கி விழுந்துவிட்டது! 1931-ல் தோட்டம் விற்றபோது அந்த ஜனங்களைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் குடியமர்த்தச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். சட்டப்படி அவர்கள் நிலம் வாங்க முடியாது. கடைசியில் வன நிலத்தில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். கெட்டவர் செய்கிற காரியமா இது? ஆனால் ஒரு ஜனம் தன் சொந்த மலையில் குடியிருக்க இன்னொருத்தர் போய்ச் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது பாருங்கள், அதுதான் அந்த 999 வருஷச் சட்டத்தின் வேலை.

நம்ம கொல்லிமலை மட்டும் என்ன? சங்க காலத்திலேயே கைமாறிய சொத்துதான். மலையை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்றான், கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரியின் வில்லையும் கொடையையும் புலவர்கள் பாடினார்கள். காரியின் வீரமும் பாட்டில் ஏறியது. அன்றைக்கு மலையில் தினை விதைத்தவன் இந்தக் கைமாற்றத்தைப் பற்றி என்ன நினைத்தான் என்று கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை. அந்த வரி இரண்டாயிரம் வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது.

பிளிக்ஸனின் பண்ணை நிலத்தைக் கம்பெனி வாங்கிக் கூறு போட்டு விற்றது. இன்றைக்கு அது நைரோபியின் பணக்காரப் பேட்டை. பெயர், காரென்! வீட்டை டென்மார்க் அரசு வாங்கிக் கென்யாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1986 முதல் மியூசியம். டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

அவர் முகம் போட்ட 50 குரோனர் நோட்டு என்ன ஆயிற்று தெரியுமா? அந்த வரிசை நோட்டுகள் முழுவதும் 2025 மே 31-ஓடு செல்லாது என்று டென்மார்க் அறிவித்துவிட்டது. நோட்டு போனாலும் புத்தகம் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாங்கிப் படியுங்கள், ரசியுங்கள். படித்து முடித்ததும் அதே கையோடு கூகியையும் எடுங்கள். அப்படியே ஒரு தடவை சேந்தமங்கலம் வழியாக மலையேறினால், மிளகு வாங்கும் சாக்கில் அங்குள்ள பெரியவர் யாரிடமாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். காலியாகக் கிடக்கிற அந்த வரியை நிரப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.